டோக்கியோவில் சுஷி: மேஜை வேண்டாம், மேடை கேளுங்கள்

ஊரிலிருந்து டோக்கியோவுக்கு வருகிறவர்கள் கோயில், கோபுரம், ஃபுஜி மலை எல்லாம் பார்த்து முடித்த பிறகு கொஞ்சம் தயங்கி ஒரு கேள்வி கேட்பார்கள். "நிஜமான சுஷி ஒரு தடவை சாப்பிட்டுப் பார்க்கணும், எங்கே போகலாம்?" சோற்றின் மேல் பெரும்பாலும் பச்சை மீனை வைத்துப் பிடிக்கிற ஜப்பானியச் சாப்பாடுதான் சுஷி. டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் குடியிருக்கிற தமிழர்கள் பலருக்கும் இந்தக் கேள்வி பழக்கம்தான். செலவைப் பற்றிக் கவலைப்படாதவர் கேட்டால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: பெரிய ஹோட்டலுக்குள் இருக்கிற சுஷிக் கடை, மதிய நேரம், சுஷி பிடிக்கிற மாஸ்டருக்கு நேர் எதிரே அவருடைய நீள மேடையை ஒட்டி இருக்கை.

ஹோட்டல் ஏன் என்றால், டோக்கியோவின் கின்சா பகுதிச் சந்துகளில் இருக்கிற பேர்போன கடைகளில் எட்டோ பத்தோ இருக்கைகள்தான் இருக்கும். தெரிந்தவர் கூட்டிப் போனால்தான் உள்ளே விடும் கடைகளும் உண்டு. சுகியபாஷி ஜிரோ என்ற புகழ்பெற்ற கடையை 2019 கடைசியில் மிஷலின் என்ற உணவக வழிகாட்டி தன் பட்டியலிலிருந்து எடுத்தபோது சொன்ன காரணமே, பொதுமக்கள் அங்கே முன்பதிவு செய்ய முடிவதில்லை என்பதுதான். ருசியைக் குறை சொல்லவில்லை. நாலு நாள் பயணத்தில் வருகிறவருக்கு இதெல்லாம் வீண் அலைச்சல். ஹோட்டல் கடைக்கு யாருடைய சிபாரிசும் வேண்டாம். ஆங்கிலத்தில் பேச ஆள் இருக்கும். என்ன சாப்பிட மாட்டோம் என்று முன்கூட்டியே சொன்னால் குறித்து வைத்துக்கொள்வார்கள். ஹோட்டல் என்றால் தரம் கொஞ்சம் மட்டம்தான் என்று நினைக்கவும் வேண்டாம். கின்சாவில் 1935இல் தொடங்கிய கியூபெய் கடைக்குப் பெரிய ஹோட்டல்களுக்குள்ளும் கிளைகள் உண்டு. சோற்றைச் சுற்றிக் கடற்பாசித் தாளை வேலி போல நிறுத்தி, மேலே மீன் முட்டையை நிரப்புகிற 'குன்கான்' சுஷி 1941இல் அந்தக் கடையில்தான் பிறந்தது என்பார்கள்.

சென்ற அக்டோபரில் அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அத்தானுக்குத் தூத்துக்குடியில் மீன் ஏற்றுமதித் தொழில். கணவாயும் இறாலும் பெட்டி பெட்டியாக ஜப்பானுக்கு அனுப்புகிறவர். அக்கா கடைசி நேரத்தில் "பச்சை மீனா, எனக்கு ஆகாது, நான் புள்ளைங்களோட இருக்கேன்" என்று ஒதுங்கிக்கொண்டதால் நானும் அத்தானும் மட்டும் போனோம். மீனோடு வாழ்ந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டதில் எனக்கே சில விஷயங்கள் அன்றைக்குத்தான் விளங்கின.

முன்பதிவில் இருந்து ஆரம்பிக்கிறேன். ஹோட்டலின் இணையதளத்திலேயே செய்யலாம், அல்லது நீங்கள் தங்கியிருக்கும் ஹோட்டலின் வரவேற்பில் சொன்னால் அவர்களே போன் போட்டுக் கேட்டுச் சொல்வார்கள். மேடை இருக்கைக்கு "கவுண்டர் இருக்கை" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் காலியாக இருக்கும் மேஜையைக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது; சாப்பாட்டில் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கிழமையையும் பாருங்கள். 2018 அக்டோபரில் ட்சுகிஜியிலிருந்து டொயோசுவுக்கு இடம் மாறிய மொத்த மீன் சந்தைக்கு ஞாயிறு விடுமுறை, பல புதன்கிழமைகளிலும் விடுமுறை. வெளியே இருக்கும் நல்ல கடைகள் பல அந்த நாட்களில் மூடியிருக்கும். ஹோட்டல் கடைகள் பெரும்பாலும் திறந்தே இருக்கும். அதற்காக மீன் கெட்டுப்போயிருக்காது, ஆனால் தேர்ந்தெடுக்கக் கிடைப்பது கொஞ்சம் குறையலாம். முடிந்தால் செவ்வாய், வியாழன், வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ட் வேண்டாம். இதை நம்மவர்களிடம் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. ஜவ்வாது, அத்தர், வாசனைத் தைலம் எதுவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பணம் கொடுத்துச் சாப்பிட வந்திருப்பதில் பாதி வாசனைதான். உடையில் அவ்வளவு கெடுபிடி கிடையாது, அரைக்கால் சட்டையும் செருப்பும் இல்லாமல் இருந்தால் போதும். அப்புறம் அந்த மேடை. ஹினோக்கி என்ற சைப்ரஸ் மரத்தில், ஒட்டு இல்லாமல் ஒரே பலகையாக இழைத்து, மெருகு எண்ணெய் எதுவும் பூசாமல் வைத்திருப்பார்கள். நகம் பட்டாலே கோடு விழும். ஸ்டீல் வாட்சு, வளையல், காப்பு எல்லாம் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவது நல்லது. போனையும் அதன்மேல் வைக்காதீர்கள். அத்தான் உட்கார்ந்ததும் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே வாட்சைக் கழற்றினார்.

நேரத்துக்குப் போய்விடுங்கள். ஒமகாசே என்ற முறையில் மெனு கிடையாது. மாஸ்டர் தருவதை வரிசையாகச் சாப்பிட வேண்டியதுதான். பல கடைகளில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள். நீங்கள் பதினைந்து நிமிடம் தாமதம் என்றால் சோறும் காத்திருக்கிறது, மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

சோறு காத்திருப்பதில் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். எல்லாமே அதில்தான் இருக்கிறது. சுஷியின் சோறு வினிகர், உப்பு, சில கடைகளில் சர்க்கரை கலந்தது. நாங்கள் போன இடத்தில் சாக்கே மது வடித்த வண்டலிலிருந்து எடுக்கும் சிவப்பு வினிகரைச் சேர்த்திருந்தார்கள், அதனால் சோறு இளம் பழுப்பு நிறமாக இருந்தது. அதை உடம்புச் சூட்டில் வைத்திருப்பார்கள். மீன் அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். இரண்டும் வாயில் சேரும்போது அந்தச் சின்னச் சூட்டு வித்தியாசம் தெரிய வேண்டும், சோறு நாக்கில் பட்டதும் தானாக உதிர வேண்டும். அதற்காக உள்ளே காற்று இருக்கும்படி லேசாகத்தான் பிடிப்பார்கள்.

மாஸ்டரின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வினிகர் தண்ணீரில் விரல் நுனியை நனைத்து ஒரு தட்டுத் தட்டுகிறார். வலது கையில் சோறு அள்ளுகிறார், உள்ளங்கையில் உருட்டும்போதே நாலைந்து பருக்கையைத் திரும்பப் பாத்திரத்தில் போடுகிறார். இடது கையில் மீன், அதில் விரலால் ஒரு தொடு வசாபி என்ற பச்சைக் காரப் பசை, மேலே சோறு, கட்டைவிரலால் நடுவில் ஓர் அழுத்து, திருப்பி இரண்டு பிடி, அவ்வளவுதான். தட்டில் வைத்ததும் அது கொஞ்சம் அமுங்கியது. ஒரு மூச்சு விட்டது போல, மேலே இருந்த மீனோடு சேர்ந்து மெல்லக் கீழே இறங்கியது. அத்தானும் அதைக் கவனித்திருக்கிறார். "மாப்ளே, மீனைவிட சோத்துக்குத்தான் இவரு மெனக்கெடுறாரு" என்றார் தாழ்ந்த குரலில்.

அந்த அமுங்கலைப் பார்க்க மேடையில்தான் உட்கார வேண்டும். எங்களுக்குப் பின்னால் ஒரு மேஜையில் குடும்பமாக வந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தட்டில் பத்துத் துண்டு ஒன்றாக வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் பத்தாவது துண்டுக்கு அவர்கள் வரும்போது இருபது நிமிடம் ஆகியிருக்கும். சோறு ஆறியிருக்கும், கடற்பாசித் தாள் நமுத்திருக்கும். இந்தக் கடைகளில் நாம் கொடுக்கிற பணத்தில் பெரும்பகுதி அந்தச் சில நொடிகளுக்குத்தான். மேஜையில் உட்கார்ந்தால் மீனுக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு வருகிறோம்.

போட்டோ எடுப்பதற்கும் இதே கணக்குதான். முதலில் கேட்டுவிட்டு, வைத்ததும் ஒரு படம் எடுத்துவிட்டுச் சாப்பிட்டுவிடுங்கள். எங்கள் வலது பக்கம் உட்கார்ந்திருந்த ஜோடி ஒவ்வொரு துண்டையும் நாலு கோணத்தில் எடுத்தார்கள். மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சும்மா நின்றார். அவர்களுக்கு அடுத்தது தாமதம், அதனால் எங்களுக்கும் தாமதம்.

கையால் சாப்பிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக. பக்கத்தில் ஈரத்துணி வைத்திருப்பதே அதற்காகத்தான். சாப்ஸ்டிக்கால் எடுத்தால் லேசாகப் பிடித்த சோறு உடையும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றாலும் பக்கவாட்டில் பிடித்து, ஒரே வாயில் போட்டுவிட வேண்டும். பாதியாகக் கடித்து மீதியைத் தட்டில் வைப்பது நன்றாக இருக்காது. பெரிதாக இருக்கிறது என்று தோன்றினால் "சோறு கொஞ்சம் குறைவாக" என்று கேட்டுக்கொள்ளலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சோயா சாஸைத் தேட வேண்டாம். மாஸ்டரே தூரிகையால் தடவித்தான் தருவார். அதன்மேல் இன்னும் தோய்த்தால் உப்பு கரிக்கும். வசாபியும் உள்ளேயே இருக்கிறது. சுறாத்தோல் ஒட்டிய பலகையில் கிழங்கை அப்போதைக்கப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் துருவிக்கொள்கிறார்கள், ஏனென்றால் துருவிய சில நிமிடங்களில் வாசனை போய்விடும். ட்யூபில் வரும் பச்சைப் பசை பெரும்பாலும் ஹார்ஸ்ராடிஷ் என்ற வேறொரு கார வேர்தான். அதைச் சாப்பிட்டுவிட்டு வசாபி மூக்கில் ஏறும் என்று பயப்படுகிறவர்கள் இங்கே ஆச்சரியப்படுவார்கள். காரத்துக்குப் பின்னால் ஓர் இனிப்பு வரும். இஞ்சி ஊறுகாய் ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் வாயைச் சுத்தம் செய்துகொள்ள மட்டும். மீன்மேல் வைத்துச் சாப்பிடுவது நம் ஆட்களிடம் நான் அதிகம் பார்க்கிற பழக்கம்.

வரிசை பெரும்பாலும் லேசான மீனில் தொடங்கிக் கொழுப்பான மீனுக்குப் போகும். எங்களுக்கு முதலில் வெள்ளைச் சதையுள்ள மீன், அடுத்து கணவாய் வந்தது. அத்தான் முகம் மலர்ந்துவிட்டது. "ஊசிக் கணவாய்! இதை நாங்க டன் கணக்குல அனுப்புறோம், ஒரு நாளும் பச்சையா தின்னதில்ல." மாஸ்டர் அதன் மேல்பக்கம் முழுக்கக் கத்தியால் நூல் நூலாகக் கீறியிருந்தார். ரப்பர் மாதிரி இழுக்கும் என்று நினைத்துக் கடித்தால் பாலாடையாகக் கரைந்தது.

சூரை வந்தபோதுதான் அவருக்கு வியாபாரி புத்தி விழித்துக்கொண்டது. இங்கே பயன்படுத்துவது நம் பக்கத்துச் சூரையின் பெரியப்பா முறை, நீலத்துடுப்புச் சூரை. முதுகுப் பக்கத்துச் சிவப்புச் சதை அகாமி, நடுத்தரக் கொழுப்பு ச்சூட்டோரோ, வயிற்றுப் பக்கம் கொழுப்பு மிகுந்தது ஓட்டோரோ. எப்போது பிடித்தது என்று அத்தான் கேட்கச் சொன்னார். நான் என் அரைகுறை ஜப்பானியத்தில் கேட்டேன். ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது என்றார் மாஸ்டர், பெருமையாகவே. ஐஸில் பக்குவமாக வைத்திருந்தாராம். அத்தானுக்கு நம்ப முடியவில்லை. "நம்ம ஊர்ல துடிக்கத் துடிக்கன்னு சொன்னாத்தானடே விலை?" என்றார். பெரிய மீன் பிடித்த அன்றைக்கு இறுக்கமாக, ருசியில்லாமல் இருக்கும். செத்த பிறகு தசையில் இருக்கும் சத்து மெல்லச் சிதைந்து இனோசினிக் அமிலமாக மாறும்போதுதான் அந்த ஆழமான ருசி வரும். அதற்கு மீனைத் துடிக்கவிடாமல் பிடித்தவுடனே மூளையில் குத்தி, ரத்தம் வடித்து, குளிர்ச்சி மாறாமல் வைக்க வேண்டும். இதைக் கேட்டதும் அத்தான் அமைதியாகிவிட்டார். வீடு திரும்பும்போது ரயிலில் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

ஓட்டோரோ எல்லாரும் போட்டோ போடுகிற துண்டு. எனக்கு அது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. கொழுப்பு, வாயில் கரையும், நன்றாக இருக்கும், அவ்வளவுதான். டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த, ஐஸ் இல்லாத காலத்தில் சீக்கிரம் கெடும் இந்த வயிற்றுச் சதைக்கு மதிப்பே கிடையாது. 1800களின் தொடக்கத்தில் எடோ நகரத் தெருவோரக் கடைகளில் இந்தக் கைப்பிடிச் சுஷி தொடங்கியபோது உப்பு, வினிகர், சோயா, சூடு ஆகிய நாலையும் வைத்துத்தான் மீனைக் காப்பாற்றினார்கள். அந்தக் கைவேலை இன்றைக்கும் தெரிவது கோஹாடாவில். மத்தி போல வெள்ளியாக மினுங்கும் சின்ன மீன். விலையும் சல்லிசு. அதை உப்பில் போட்டு, கழுவி, வினிகரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். எவ்வளவு நேரம் என்பது மீனின் பருமனையும் அன்றைய வெயிலையும் பொறுத்தது. ஒரு கடையின் தரம் தெரிய வேண்டுமானால் இதைச் சாப்பிட்டுப் பார் என்பார்கள். அத்தானுக்கு அன்றைக்குப் பிடித்ததும் இதுதான்.

நடுவில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது, எல்லாருக்கும் வருவதுதான். "புழு இருக்காதா மாப்ளே?" அனிசாகிஸ் என்ற புழு கடல் மீனில் உண்டு. வினிகரிலோ உப்பிலோ வசாபியிலோ அது சாகாது. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறைய வைத்தால் சாகும் என்பது ஜப்பான் அரசின் வழிகாட்டுதல். மற்றபடி மாஸ்டர் கண்ணால் பார்த்து அகற்றுவதை நம்பித்தான் சாப்பிடுகிறோம். ஜப்பானிலும் ஆண்டுதோறும் இதனால் வயிற்றுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சாப்பிட்ட சில மணி நேரத்தில் தாங்க முடியாத வலி வந்தால் பச்சை மீன் சாப்பிட்டதை டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த ஆசையைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுவது நல்லது.

வேகவைத்த இறால், ஊனி என்ற கடல் முள்ளெலி, குழைய வேகவைத்த விலாங்கு, கேக் மாதிரி ஒரு முட்டை, மிசோ சூப் என்று சாப்பாடு முடிந்தது. தேநீர் தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருந்தார்கள், அதற்குக் காசு இல்லை. கடைசியில் மாஸ்டர் "இன்னும் ஏதாவது வேண்டுமா?" என்று கேட்பார். இந்த இடத்தில் உஷாராக இருங்கள். அது உபசரிப்பு மட்டுமல்ல, தனிக் கணக்கு. ஓட்டோரோ, ஊனி என்று கேட்டால் ஒரு துண்டே 2,000 யென்னைத் தாண்டிவிடலாம், விலை எங்கும் எழுதியிருக்காது. கூச்சப்படாமல் விலை கேட்கலாம், போதும் என்றும் சொல்லலாம். அத்தான் கோஹாடாவைக் காட்டி இன்னொன்று கேட்டார். மாஸ்டர் அதுவரை சிரிக்காதவர், பல்லைக் காட்டிச் சிரித்தார்.

பில்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மதிய ஒமகாசே 15,000 யென் என்று போட்டிருந்தது. ஹோட்டல் என்பதால் அதன்மேல் 15 சதவீதம் சேவைக் கட்டணம், ஆக 17,250. அதன்மேல் 10 சதவீதம் வரி, ஆக 18,975. நம் காசில் ஓர் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். கூடுதலாகக் கேட்ட துண்டும் பீரும் தனி. இதே இடத்தில் இரவுச் சாப்பாடு இரண்டு மடங்குக்கும் மேல். சில கடைகள் எல்லாம் சேர்த்தே விலை போடுகின்றன, சில போடுவதில்லை. பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். டிப்ஸ் வேண்டாம், கொடுத்தால் சங்கடப்படுவார்கள். அன்றைக்கே ரத்து செய்தாலோ போகாமல் இருந்தாலோ பல இடங்களில் முழுப் பணத்தையும் கார்டில் எடுத்துக்கொள்வார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களை அழைத்துப் போகாதீர்கள். வெள்ளரிக்காய் சுஷி கிடைக்கும்தான், ஆனால் அந்தக் காசுக்கு அது அநியாயம். சூப்பிலும் காயை வேகவைக்கும் சாற்றிலும் உலர்த்திய சூரைத் தூள் இருக்கும். அவர்களுக்குப் புத்த மடங்களின் சைவச் சாப்பாடு இருக்கிறது, அங்கே கூட்டிப் போகலாம். மது கலந்ததைத் தொடாதவர்கள், மாஸ்டர் தடவும் சோயாவில் சாக்கேயும் மிரின் என்ற இனிப்புச் சமையல் மதுவும் சேர்ந்திருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். விலாங்கு, முட்டை, சில கடைகளில் சோறு ஆகியவற்றிலும் இருக்கலாம். முன்கூட்டியே சொன்னால் வெறும் சோயாவோ உப்போ வைத்துத் தர ஏற்பாடு செய்வார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். போய் உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

குழந்தைகளோடு வருகிறவர்களுக்குச் சுழலும் பட்டைச் சுஷிக் கடைதான் சரி. மேடையில் சின்னப் பிள்ளைகளை அனுமதிக்காத ஹோட்டல் கடைகள் நிறைய, வயது வரம்பை இணையதளத்திலேயே போட்டிருப்பார்கள். அக்கா பிள்ளைகளை அன்றைக்கு அப்படி ஒரு கடைக்குத்தான் கூட்டிப் போயிருந்தாள். நாங்கள் இரண்டு பேருக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லையாம். நாங்கள் வந்ததும் பில்லை எடுத்து அத்தானிடம் நீட்டினாள்.